எலும்பைப் பார்த்து "இது நடந்தது" என்று எப்படிச் சொல்கிறார்கள்? (மானிடவியல் விருப்பப்பாடம், சந்தேகம்)

கூவம்கரை

எல்லோருக்கும் வணக்கம். இந்த முறை சிவில் சர்வீஸ் மெயின்ஸுக்கு மானிடவியலை எடுத்திருக்கிறேன். நான் படித்தது பி.காம்., உயிரியல் பத்தாம் வகுப்போடு முடிந்த கதை. பாடத்திட்டத்தில் "நிமிர்ந்த நிலையால் எலும்புக்கூட்டில் ஏற்பட்ட மாற்றங்களும் அவற்றின் விளைவுகளும்" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. கோச்சிங் நோட்ஸில் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மண்டையோட்டுத் துளை முன்னால் வந்தது, முதுகெலும்பு எஸ் வடிவமானது, இடுப்பெலும்பு அகலமானது, இப்படிப் பத்து வரி. மனப்பாடம் பண்ணிவிடலாம். ஆனால் மண்ணுக்குள் கிடந்த ஒரு துண்டு எலும்பை எடுத்துப் பார்த்து "இவர் இரண்டு காலில் நடந்தவர்" என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

இன்னொன்று. கைவசம் இருக்கும் பழைய தமிழ் கைடில், மனிதனின் முதல் மூதாதை ராமாபித்தேகஸ், அது நிமிர்ந்து நடந்தது என்று இருக்கிறது. புதிய ஆங்கிலப் புத்தகத்தில் அந்தப் பெயரையே தேட வேண்டியிருக்கிறது. தேர்வில் எதை எழுதுவது?

தாடையெலும்பு

தம்பி, அந்த கைடை எடைக்குப் போட்டுவிடுங்கள். ஆனால் ராமாபித்தேகஸ் கதையை மட்டும் தெரிந்துகொண்டு போடுங்கள், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது. முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

1932ல் சிவாலிக் மலைப்பகுதியில் எட்வர்ட் லூயிஸ் என்ற யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவருக்கு ஒரு மேல்தாடைத் துண்டு கிடைத்தது. கோரைப்பல் சிறியது, தாடை வளைவு நம்முடையதைப் போல இருந்ததாகப் பட்டது. ராமர் பெயரை வைத்தார். அப்புறம் முப்பது வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1960களில் எல்வின் சைமன்ஸ் அதைத் தூக்கிப் பிடித்தார், டேவிட் பில்பீம் சேர்ந்துகொண்டார். இதுதான் மனித வரிசையின் தொடக்கம் என்றார்கள்.

நடந்தது என்று எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? கோரைப்பல் சிறியது, ஆகவே கடித்துச் சண்டை போடவில்லை. ஆகவே கையில் ஆயுதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே கை தரையைத் தொடாமல் இருந்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு காலில் நடந்தது. இத்தனை 'ஆகவே'க்கும் ஆதாரம் தாடையும் பல்லும் மட்டுமே. ஒரு கால் எலும்புகூடக் கையில் இல்லை. அந்தத் தாடையிலும் நடுப்பகுதி காணோம், வளைவை ஊகித்துத்தான் ஒட்டியிருந்தார்கள்.

1967ல் பெர்க்லியில் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் மனிதன், சிம்பன்சி, கொரில்லா இவற்றின் ரத்தப் புரதத்தை ஒப்பிட்டுப் பார்த்து, நாமும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்றார்கள். ராமாபித்தேகஸின் வயதோ ஒரு கோடி ஆண்டுக்கு மேல் என்று பேசப்பட்ட காலம் அது. எலும்புக்காரர்கள் ஏற்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் பாகிஸ்தானின் போட்வார் பகுதியில் கிடைத்த, சிவாபித்தேகஸ் என்ற பழைய வாலில்லாக் குரங்கின் முகத்தை பில்பீமே வெளியிட்டார். பார்த்தால் ஒராங்குட்டானின் சாயல் அப்படியே. ராமாபித்தேகஸ் தனி இனமே இல்லை, அது சிவாபித்தேகஸ்தான், ஒராங்குட்டான் பக்கத்து உறவு என்று முடிந்தது.

நடையைப் பற்றிப் பேச வேண்டுமானால் நடக்கும் உறுப்பின் எலும்பு வேண்டும். தாடையைப் பார்த்துக் காலைச் சொல்லக் கூடாது. (என் புனைபெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.)

வெட்டிப்பேச்சு

அப்படியென்றால் இருபது வருடம் உலகத்துக்கே தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு லூசி என்கிற அந்தப் பிரபல எலும்புக்கூடும் எடைக்குப் போகாது என்று என்ன நிச்சயம்? எல்லாம் யூகம்தானே சார்.

பிசியோ அக்கா

வெட்டிப்பேச்சு, லூசி போகமாட்டாள். முழங்காலை வைத்துச் சொல்கிறேன், இது என் தொழில்.

எழுந்து நின்று இரண்டு பாதத்தையும் சேர்த்து வையுங்கள். முழங்கால்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் தொடையெலும்பு தொடங்கும் இடுப்பு மூட்டுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றன. அதாவது தொடையெலும்பு இடுப்பிலிருந்து உள்பக்கமாகச் சாய்ந்து முழங்காலுக்கு வருகிறது. பெரியவர்களில் அந்தச் சாய்வு ஏறத்தாழ 9, 10 டிகிரி. சிம்பன்சிக்குத் தொடையெலும்பு கிட்டத்தட்ட நேராக இறங்கும். நடக்கும்போது நாம் ஒவ்வொரு அடியிலும் ஒற்றைக் காலில் நிற்கிறோம் இல்லையா, அந்த நேரத்தில் பாதம் உடம்பின் எடைக்கு நேர் கீழே வர வேண்டும். சாய்வு இருந்தால் வரும். இல்லாவிட்டால் உடம்பு மொத்தத்தையும் அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். சிம்பன்சி இரண்டு காலில் நடக்கும்போது இடமும் வலமும் ஆடிக்கொண்டு போவது அதனால்தான்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். பிறந்த குழந்தைக்கு இந்தச் சாய்வு கிடையாது. தொடையெலும்பு நேராகத்தான் இருக்கும். குழந்தை நின்று, தத்தி நடக்கத் தொடங்கிய பிறகு, எடை விழுவதற்கு ஏற்ப எலும்பு வளர்ந்து வளர்ந்து சாய்வு உண்டாகிறது. நடக்கவே முடியாமல் போன பிள்ளைகளின் எக்ஸ்ரேயில் அது வராமல் இருப்பதைப் பார்க்கலாம். அதனால் ஒரு பழைய எலும்பில் அந்தச் சாய்வு இருந்தால், "இந்த இனத்தால் நடக்க முடியும்" என்பதோடு நிற்கவில்லை. இந்த எலும்புக்குச் சொந்தக்காரர் சின்ன வயதிலிருந்து நடந்திருக்கிறார் என்று அர்த்தம். யூகச் சங்கிலி எதுவும் வேண்டாம்.

1973ல் எத்தியோப்பியாவின் ஹடாரில் டொனால்ட் ஜோஹான்சன் ஒரு முழங்கால் மூட்டைக் கண்டெடுத்தார். வயது சுமார் 34 லட்சம் ஆண்டு. அளவில் சின்னது, ஆனால் சாய்வு இருந்தது. அடுத்த வருடம் நவம்பர் 24ஆம் தேதி அதே ஹடாரில் லூசி கிடைத்தாள். 32 லட்சம் ஆண்டு, எலும்புக்கூட்டில் சுமார் 40 சதவீதம், உயரம் மூன்றரை அடி. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் இரண்டும் அவளிடம் இருந்தன.

இடுப்பைப் பற்றி இரவு எழுதுகிறேன், வெளியே ஆள் காத்திருக்கிறார்கள்.

சித்திரகுப்தன்

அந்த 1973 முழங்கால் பற்றி ஒரு துணைத்தகவல். தன்னுடையது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஜோஹான்சனிடம் இன்றைய மனிதரின் தொடையெலும்பு இல்லை. பக்கத்தில் இருந்த அஃபார் மக்களின் கல்லறை ஒன்றிலிருந்து ஒரு எலும்பை எடுத்து ஒப்பிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். பெரிய கண்டுபிடிப்பு என்று எல்லோரும் கைதட்டுகிறோம். நம் ஊர் இடுகாட்டில் எவனாவது வந்து இப்படிச் செய்திருந்தால் சும்மா விடுவோமா?

தாடையெலும்பு

நியாயமான கோபம். விளைவுகளைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது மானிடவியலின் இந்தப் பக்கத்தையும் ஒரு வரி எழுதலாம், ஆனால் இந்தக் கேள்விக்கு அல்ல. வேறு இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

கூவம்கரை

அக்கா, முழங்கால் விஷயம் நோட்ஸில் ஒரே வரி, "கோணம் உண்டானது" என்று. இப்போதுதான் ஏன் என்று தெரிகிறது. மண்டையோட்டுத் துளைக்கும் இதேபோல ஒரு காரணம் இருக்கிறதா?

தாடையெலும்பு

மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் துளைக்குப் பெருந்துளை என்று பெயர், ஃபொராமென் மேக்னம். குடத்தைத் தலையில் வைத்து நடக்கிறவர் குடத்தின் நடுவைத் தேடி வைப்பார். நிமிர்ந்த உடம்பில் கழுத்தின் மேல் தலை உட்காருவதும் அப்படித்தான், துளை நடுவுக்கு வந்துவிடுகிறது. நாலு காலில் போகும் விலங்குக்கு முதுகெலும்பு பின்னாலிருந்து வருவதால் துளையும் பின்னால் தள்ளி இருக்கும்.

இதை வைத்து முதலில் வாதாடியவர் ரேமண்ட் டார்ட். 1924ல் தென்னாப்பிரிக்காவில் டாங் என்ற இடத்துச் சுண்ணாம்புக் குவாரியிலிருந்து ஒரு குழந்தையின் மண்டையோடு அவர் கைக்கு வந்தது. முகமும் பல்லும் இருந்தன, மூளையின் வடிவம் கல்லாக உறைந்து கிடந்தது. மூளை குரங்களவு, ஆனால் துளை முன்னால். 1925 பிப்ரவரியில் நேச்சர் இதழில் ஆஸ்திரலோபித்தேகஸ் ஆஃப்ரிகானஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார். லண்டன் பெரியவர்கள் ஏற்கவில்லை. ஆர்தர் கீத் உள்ளிட்டவர்களின் ஆட்சேபத்தில் ஒரு பகுதி நேர்மையானது: சிம்பன்சிக் குட்டிக்கும் துளை கொஞ்சம் முன்னால்தான் இருக்கும், வளர வளரப் பின்னால் போகும், ஒரு குழந்தையை வைத்து முடிவு சொல்ல முடியாது. சரியான கேள்வி.

இன்னொரு பகுதி அவ்வளவு நேர்மையானதல்ல. அவர்கள் கையில் பில்ட்டவுன் இருந்தது. 1912ல் இங்கிலாந்தில் கிடைத்ததாக அறிவித்த மண்டையோடு. பெரிய மூளை, குரங்குத் தாடை. முதலில் மூளை பெருத்தது, மற்றதெல்லாம் பிறகு என்ற அவர்களின் நம்பிக்கைக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. டாங் அதற்கு நேர் எதிராக இருந்தது. 1953ல் பில்ட்டவுன் மோசடி என்று நிரூபணமானது. மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டான் தாடையைச் சாயம் பூசி, பல்லை ராவி வைத்திருக்கிறார்கள். நாற்பது வருடம்!

டார்ட்டைக் காப்பாற்றியது வளர்ந்த எலும்புகள். ராபர்ட் புரூம் 1936 முதல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டெய்னில் தோண்டி, 1947ல் முழு மண்டையோடு ஒன்றும், தனியாக ஓர் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் கண்டெடுத்தார். அந்த இடுப்பு பார்த்தவுடன் தெரிகிற அளவுக்கு மனித வகை. அதே ஆண்டு கீத் தன் பிழையை அச்சிலேயே ஒப்புக்கொண்டார்.

பிசியோ அக்கா

இடுப்புக்கு வருகிறேன்.

இடுப்பெலும்பின் மேல் தகடு சிம்பன்சிக்கு உயரமானது, தட்டையாக முதுகுப் பக்கம் பார்த்து நிற்கும். நமக்கு அது குட்டையாகி, அகலமாகி, பக்கவாட்டுக்குத் திரும்பி வளைந்திருக்கிறது. அழகுக்காகத் திரும்பவில்லை, அதில் ஒட்டியிருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் தசைக்காக. சிம்பன்சிக்கு அந்தத் தசை காலைப் பின்னால் உதைக்கிறது. நமக்கு எலும்பு திரும்பியதால் தசையும் இடுப்பின் பக்கவாட்டுக்கு வந்துவிட்டது. நீங்கள் வலது காலில் நிற்கும்போது இடதுபக்க இடுப்பு தொங்கிவிடாமல் வலதுபக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அது பலவீனமானவர்களை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் மறுபக்க இடுப்பு கீழே இறங்கும். டிரெண்டலென்பர்க் சோதனை என்பார்கள், நாங்கள் தினமும் செய்வது. லூசியின் இடுப்பெலும்பு கல்லுக்குள் நசுங்கி உடைந்திருந்தது. ஓவன் லவ்ஜாய் அதன் வார்ப்பைத் துண்டுதுண்டாக வெட்டிச் சேர்த்து நிமிர்த்தினார். குட்டையான, பக்கவாட்டுக்கு விரிந்த தகடு.

முதுகைப் பற்றி நோட்ஸில் கண்டிப்பாக இல்லாத ஒன்று. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் எடை முன்னால் தள்ளும், அதைச் சமாளிக்க இடுப்பு மேல் முதுகை இன்னும் வளைக்க வேண்டும். அந்த வளைவைத் தாங்கும் ஆப்பு வடிவ முள்ளெலும்பு ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு மூன்று. 2007ல் நேச்சரில் வந்த ஆய்வு. தாடையெலும்பு சார் சொன்ன அந்த ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் முதுகெலும்பிலும் இந்தப் பெண் அமைப்பைப் பார்த்திருக்கிறார்கள். இருபது லட்சம் வருடத்துக்கு முந்தைய கர்ப்பிணியின் முதுகுவலியைப் பற்றிப் பேசுகிறோம். விடைத்தாளில் இதை எழுதினால் திருத்துகிறவர் ஒரு நொடி நிற்பார்.

வண்டல்

எலும்பு மட்டும்தான் சாட்சி என்று எல்லோரும் பேசுகிறீர்கள். நடந்த தடமே இருக்கிறது.

தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பல் விழுந்து, மேலே லேசாக மழை பெய்து, அந்த ஈரச் சாம்பல் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. மழைத்துளி விழுந்த குழிகூடப் பதிந்திருக்கிறது. முயல், கினிக்கோழி, யானை எல்லாம் அதில் நடந்திருக்கின்றன. 1976ல் மேரி லீக்கியின் குழுவில் சிலர் காய்ந்த யானைச் சாணத்தை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடும்போது ஆண்ட்ரூ ஹில் கீழே விழுந்து விலங்குத் தடங்களைப் பார்த்தார். 1978ல் மனித வகைத் தடம் கிடைத்தது. சுமார் 27 மீட்டர் நீளம், 70 காலடிகள் அளவில், வயது 36.6 லட்சம் ஆண்டு. குதிகால் முதலில் ஊன்றி, எடை முன்னால் நகர்ந்து, கட்டைவிரலில் தள்ளிப் போயிருக்கிறார்கள். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே திசையில். பின்னால் வந்த ஒருவர் முன்னவரின் தடத்திலேயே மிதித்து நடந்திருப்பதாகவும் சொல்கிறார்கள்.

அதே லேட்டோலியில் 1976லேயே கிடைத்த வேறு ஐந்து காலடிகளைக் கரடியுடையது என்று ஓரம்கட்டியிருந்தார்கள். 2019ல் மறுபடி தோண்டி, 2021ல் நேச்சரில் அதுவும் இரண்டுகால் மனித வகைதான், ஆனால் பக்கத்துத் தடத்தைவிட வேறு விதமான பாதம் என்று வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரே ஊரில் இரண்டு விதமாக நடந்தவர்கள் இருந்திருக்கலாம். பாடப்புத்தகத்தில் ஒரே வரிசையாக வரைகிற படம் இருக்கிறதே, குனிந்து குனிந்து நிமிர்கிற படம், அது தப்பு என்று சொல்ல இந்த ஐந்து காலடி போதும்.

வெட்டிப்பேச்சு

சரி, நடந்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லூசி மரத்திலிருந்து விழுந்து செத்தாள் என்று படித்தேனே. நடக்கத் தெரிந்தவளுக்கு மரத்தில் என்ன வேலை?

பிசியோ அக்கா

நடக்கத் தெரிந்த நம் பையன்கள் மாமரத்தில் என்ன செய்கிறார்களோ அதே வேலை.

விழுந்து இறந்தாள் என்பது 2016ல் ஜான் கப்பல்மேன் குழு சொன்னது. மேற்கை எலும்பின் முறிவு, உயரத்திலிருந்து விழும்போது கையை ஊன்றுபவர்களுக்கு வருவது போல இருக்கிறது என்பது வாதம். ஜோஹான்சனும் டிம் வைட்டும் ஏற்கவில்லை. அதே இடத்து மற்ற விலங்கு எலும்புகளிலும் இதே முறிவுகள் இருக்கின்றன, மண்ணின் அழுத்தம் போதும் என்றார்கள். எனக்கு ஜோஹான்சன் பக்கம்தான் சரியாகப் படுகிறது. ஆனால் ஏறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். விரலெலும்பு வளைவு, நீளமான கை, டிக்கிகாவில் கிடைத்த 33 லட்சம் ஆண்டுக் குழந்தையின் தோள்பட்டை, எல்லாம் ஏறுகிறவர்களுடையது.

தாடையெலும்பு

இங்கே அக்காவோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். வளைந்த விரலும் நீளக் கையும் பழைய வீட்டுச் சாமானாகவும் இருக்கலாம். மூதாதையிடமிருந்து வந்தது, இடைஞ்சல் இல்லாததால் அப்படியே தங்கியது. முழங்கால் சாய்வு வாழ்நாளில் உண்டாகிறது, அதனால் அது பழக்கத்துக்குச் சாட்சி. தோள்பட்டையின் வடிவத்துக்கு அந்த அளவு பலம் கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பிசியோ அக்கா

சார், விரலெலும்பின் வளைவும் வளரும்போது பயன்பாட்டுக்கு ஏற்ப மாறுவதுதான். 2016லேயே லூசியின் கை எலும்பை ஸ்கேன் செய்து, காலோடு ஒப்பிட்டால் கையின் உறுதி நம்மைவிட அதிகம், சிம்பன்சி பக்கம் போகிறது என்றும் காட்டினார்கள். எலும்பின் உறுதி பயன்படுத்தினால்தான் வரும். உங்கள் தராசிலேயே நிறுத்துகிறேன்.

தாடையெலும்பு

அந்த ஸ்கேன் வாதம் பலமானதுதான். தோள்பட்டையை மட்டும் நான் விடமாட்டேன்.

கூவம்கரை

ஏன் நடக்கத் தொடங்கினார்கள் என்று கேட்டால்? நோட்ஸில் "காடு அழிந்து புல்வெளி ஆனது, உயர்ந்த புல்லுக்கு மேல் பார்க்க எழுந்து நின்றனர்" என்று இருக்கிறது.

வண்டல்

அதை அப்படியே எழுதாதீர்கள். 1994ல் எத்தியோப்பியாவின் அராமிஸில் ஆர்டி என்ற எலும்புக்கூடு கிடைத்தது, 44 லட்சம் ஆண்டு. சுத்தம் செய்து, சேர்த்து, வெளியிட 2009 ஆகிவிட்டது, அவ்வளவு நொறுங்கிப்போயிருந்தது. அந்த மண்ணில் கிடைத்த விலங்கும் செடியும் மரங்கள் நிறைந்த இடத்தைக் காட்டின. கட்டைவிரல் கிளையைப் பிடிக்கிற மாதிரி விலகி நிற்கிறது, ஆனால் இடுப்பின் மேல்பகுதி குட்டை. மரத்திலும் ஏறி, தரையிலும் இரண்டு காலில் போன உயிர் என்கிறார்கள். அப்படியானால் நடை தொடங்கியது திறந்த புல்வெளியில் அல்ல. எவ்வளவு நன்றாக நடந்தது என்பதில் சண்டை ஓயவில்லை.

காரணங்களில் எனக்குப் பிடித்தது செலவுக் கணக்கு. 2007ல் சிம்பன்சிகளை டிரெட்மில்லில் ஏற்றி ஆக்சிஜன் அளந்தார்கள். மனித நடைக்கு ஆகும் ஆற்றல் சிம்பன்சி நடையைவிட ஏறத்தாழ 75 சதவீதம் குறைவு. பழம் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் தூரம் கூடக்கூட, குறைந்த செலவில் நடப்பவர் பிழைப்பார். லவ்ஜாய் 1981ல் சொன்ன, ஆண் உணவைக் கையில் தூக்கிவந்து துணைக்குக் கொடுத்தான் என்ற கதையும் நோட்ஸில் இருக்கும். அதை "ஒரு கருதுகோள்" என்று மட்டும் எழுதுங்கள், எனக்கு அதில் குடும்பப்பட வாசனை அடிக்கும்.

பாலாறு

நடுவில் ஒரு கேள்வி. நம் தமிழ்நாட்டில் கற்காலக் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கத்தில் இந்த மாதிரி எலும்பு ஏதாவது உண்டா?

வண்டல்

மனித எலும்பு கிடைக்கவில்லை. கற்கருவிகள், கூடவே சில விலங்குப் பற்கள், அவ்வளவுதான். 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கைக்கோடாரியைப் பார்த்த அதே ஆண்டு அத்திரம்பாக்கமும் தெரியவந்தது. சாந்தி பப்பு குழு 2011ல் அங்குள்ள அஷூலியன் (கைக்கோடாரி வகை) கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று வயது கண்டது. அது லூசிக்கு மிகப் பிந்தைய காலம். அந்தக் கருவியைச் செய்தவர் நன்றாகவே நடந்து இங்கே வந்து சேர்ந்தவர்.

கூவம்கரை

பதில் எழுதிப் பார்த்தேன், சுருக்கமாகப் போடுகிறேன். "இரண்டுகால் நடை முதலில் வந்தது. லேட்டோலித் தடம் 36.6 லட்சம் ஆண்டு. கிடைத்ததில் பழைய கற்கருவி கென்யாவின் லொமெக்வியில் 33 லட்சம். லூசி இனத்தின் மூளை 400 முதல் 550 கன சென்டிமீட்டர் அளவுதான், இன்றைய சராசரி 1350 அளவில். ஆகவே கருவிக்காகக் கை விடுபட்டது, மூளை பெருத்ததால் நடந்தோம் என்ற பழைய வரிசை தலைகீழ்." அப்புறம் முழங்கால், இடுப்பு, துளை, முதுகு, பாதம். விளைவு என்ற பகுதியில் முதுகுவலி, கடினமான பிரசவம். சரியா?

தாடையெலும்பு

நன்று. இரண்டு திருத்தம். லொமெக்வி 2015ல்தான் வெளியானது, எல்லோரும் அந்தத் தேதியை ஏற்கவில்லை. எத்தியோப்பியாவின் கோனாவில் கிடைத்த கருவிகளின் 26 லட்சத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள், அதை யாரும் மறுக்கமாட்டார்கள். பிரசவத்துக்கு, நடைக்காக இடுப்புக்குள் இருக்கும் பிரசவ வழி குறுகியது, மூளைக்காகத் தலை பெருத்தது, இரண்டும் மோதின என்ற வாஷ்பர்னின் 1960 விளக்கத்தை எழுதி, கூடவே 2012ல் ஹாலி டன்ஸ்வொர்த் குழு அதைக் கேள்வி கேட்டதையும் சொல்லுங்கள். தாயின் உடம்பு தரக்கூடிய ஆற்றலின் எல்லைதான் பிரசவ நேரத்தை முடிவுசெய்கிறது என்பது அவர்கள் வாதம்.

வெட்டிப்பேச்சு

அப்போ முதலில் நடந்தது யார்? அதையும் சொல்லிட்டுப் பூட்டுங்கள்.

தாடையெலும்பு

போட்டியில் முன்னால் நிற்பது துமாய். 2001ல் சாட் நாட்டுப் பாலைவனத்தில் மிஷேல் புரூனே குழுவுக்குக் கிடைத்த மண்டையோடு, 60 முதல் 70 லட்சம் ஆண்டு. துளை முன்னால் இருக்கிறது என்றார்கள், ஆனால் மண்டையோடு நசுங்கியது. அதே இடத்தில் கிடைத்த ஒரு தொடையெலும்புத் தண்டு பல வருடம் வெளியிடப்படாமலே கிடந்தது. 2020ல் ஒரு குழு இது நடந்தவரின் எலும்பு இல்லை என்றது, 2022ல் இன்னொரு குழு நேச்சரில் நடந்தவர்தான் என்றது. இரண்டு முனையும் உடைந்த எலும்பு, அக்கா சொன்ன முழங்கால் மூட்டு அதில் இல்லை. விடைத்தாளில் "விவாதத்தில் உள்ளது" என்று எழுதுங்கள் தம்பி.